பிலோமினாவின் கதையை எல்லாருக்கும் கொடுத்தேன்

சனிக்கிழமை வகுப்பை இனி நீங்கள் நடத்தப் போகிறீர்கள். ஈப்போவில் சங்கக் கட்டடத்தின் மாடி அறையும், மடக்கு நாற்காலிகளும், கீழே கார் நிறுத்த இடம் தேடும் பெற்றோரின் சத்தமும் இனி உங்களுடையவை. நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளைகளை எப்படித் தயார்செய்வது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எப்படி உட்காருவது, எப்போது வணக்கம் சொல்வது, கேள்வி புரியாவிட்டால் எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பீர்கள். ஆகவே அதை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தவற்றை எழுதுகிறேன். நல்லெண்ணத்தோடு வேலை செய்கிறவர்கள்தான் இந்தத் தவற்றைச் செய்ய முடியும். நீங்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள் என்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இடைநிலைப்பள்ளி ஒன்றில் மாணவர் ஆலோசக ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு இந்த வகுப்பைத் தொடங்கினேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பி, பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் சுங்கை சிப்புட்டிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் காம்பாரிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் எல்லாரிடமும் ஒரே நோய் இருந்தது. மலாய்மொழியில் ஆசிரியரை மெழுகுவர்த்திக்கு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏன் ஆசிரியராக விரும்புகிறாய் என்று கேட்டால், தன்னை எரித்துப் பிறருக்கு ஒளி தரப் போவதாக எல்லாரும் சொன்னார்கள். தேர்வுக் குழுவில் இருந்த தமிழ் விரிவுரையாளர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், காலையில மட்டும் எத்தன மெழுகுவத்தி தெரியுமா? ரூமே சூடாயிருச்சு லா."

அன்றிலிருந்து என் வகுப்பில் மெழுகுவர்த்திக்குத் தடை. ஆளுக்கு ஒன்று, தன் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றேன். அதுவரை நான் செய்தது சரி. இப்போதும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிலோமினா சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறவள். அவளுடைய பஸ் சீக்கிரமே வந்துவிடும் என்பதால், மற்றவர்கள் வருவதற்குள் என்னோடு சேர்ந்து நாற்காலிகளைப் போடுவாள். அதிகம் பேசமாட்டாள். ஒரு சனிக்கிழமை நாற்காலியை விரித்துக்கொண்டே கேட்டாள்.

"சார், சின்ன விஷயமா இருந்தா பரவால்லயா?"

"சொல்லும்மா."

"நாங்க தோட்டத்துல இருந்தோம்ல சார், அத வித்துட்டாங்க. வீடு கட்டப் போறாங்கன்னு எல்லாரயும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. லயத்துல வரிசையா இருந்த வீட்டையெல்லாம் ஒவ்வொண்ணா பூட்டிக்கிட்டுப் போனாங்க. பெரியவங்க வேலைக்குப் போயிட்டா சின்னதுங்களை நான்தான் பாத்துக்குவேன். பக்கத்து வீடு காலியா கெடந்துச்சா, அது கதவுல அடுப்புக்கரியால எழுதி வெளையாட்டுக்குப் பாடம் நடத்துனேன் சார். முதல்ல நெறய பேரு. அப்புறம் ஆள் கொறைஞ்சிக்கிட்டே வந்துச்சு. கடைசியில தேவின்னு ஒரு குட்டிப் பொண்ணு மட்டும்தான். அவ ஒருத்திக்கும் நடத்துனேன். அவங்க வீட்டுச் சாமானையும் லோரியில ஏத்துன அன்னிக்கு, அவ ஓடி வந்து கேட்டா சார், 'அக்கா, நாளைக்கு லீவா?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன் சார்."

சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை எடுக்கப் போய்விட்டாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இத்தனை ஆண்டுகளாக இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன். அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டு மனம் கலங்கியது உண்மை. கலங்கிய அதே மனம், இது தேர்வுக் குழுவின் முன் எப்படி எடுபடும் என்று கணக்குப் போட்டதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. நம் தொழிலில் அப்படித்தான் நடக்கும். அதைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அந்தக் கதையை, தேர்வு நடக்கும் மொழியான மலாயில் நன்றாகச் சொல்லி, என் குரலிலேயே பதிவு செய்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். கரியால் எழுதிய கதவு, ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்ட வீடுகள், குட்டிப் பெண்ணின் கேள்வி, எல்லாவற்றையும் அளவாக வெட்டி ஒழுங்குபடுத்தியிருந்தேன். இது ஒரு மாதிரி என்றும், இடத்தையும் ஆளையும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். யாருடைய கதை என்று சொல்லவில்லை. அவள் கூச்சப்படுவாள் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என்னுடைய வேலைப்பாடு என்று மற்றவர்கள் நினைத்ததை நான் விரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை நாற்காலி போடும்போது அவள் கேட்டாள்.

"சார், அதயே எல்லாரும் சொல்லுவாங்களா?"

"மாதிரிக்குத்தாம்மா. நீ சொல்ற மாதிரி யாருக்கு வரும்?"

அவள் சிரித்தாள். என்னை நம்பினாள்.

அதே வகுப்பில் குமரேசன் என்று ஒருவன் இருந்தான். பத்து காஜாவில் அவனுடைய அப்பா முடிவெட்டும் கடை வைத்திருந்தார். வாய்ச்சாலகன். எந்தக் கேள்வியானாலும் வளைத்து வளைத்துப் பதில் சொல்வான்.

"சார், மத்ததெல்லாம் வருது. கதைதான் வரல. டவுன்ல பொறந்தவனுக்கு என்னா சார் கதை? ஏர்கோன் போட்ட கடையில ஒக்காந்து போன் பாத்தேன்னா சொல்ல முடியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நேரமில்லை. நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

"உங்க தாத்தா தோட்டத்துல இருந்தவர்தானே? மாதிரியில உள்ளதயே உனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ" என்றேன்.

அவன் நன்றாகவே மாற்றிக்கொண்டான். ஒத்திகையில் அவன் சொன்னபோது நானே கை தட்டினேன். பிலோமினா அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் வகுப்புக்கு வரவில்லை.

இந்தத் தேர்வை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடத்துவதில்லை. சிலரைச் சேர்த்து ஒரே வரிசையில் உட்கார வைத்து, ஒரே கேள்வியை எல்லாரிடமும் கேட்பார்கள். தமிழ்ப்பள்ளிக்கு விண்ணப்பித்தவர்களைத் தனியாகப் பிரித்துக் கூப்பிடுவார்கள். எங்கள் பேராக் மாநிலத்தில் அப்படி விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் என் வகுப்புப் பிள்ளைகள். ஆக, என் பிள்ளைகள் ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்காரப் போகிறார்கள் என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொருவனையும் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடுவதிலேயே மூழ்கியிருந்தவன், கதவுக்கு உள்ளே இருந்த நாற்காலிகளை நினைத்துப் பார்க்கவில்லை.

தேர்வு நாளன்று பிலோமினாவையும் குமரேசனையும் என் காரிலேயே அழைத்துப் போனேன். இரண்டு பேரும் ஒரே குழுவில் இருந்தார்கள். நான் வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருந்தேன். கதவு திறந்ததும் முதலில் வந்தவன் குமரேசன். முகமெல்லாம் பல்.

"சார், சூப்பர் சார்! அந்த 'நாளைக்கு லீவா'ன்னு சொன்னேன் பாருங்க, நடுவுல இருந்த அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க!"

"யாரு முதல்ல பேசினது?"

"நான்தான் சார், ஓரத்துல ஒக்காந்திருந்தேன். பிலோ எனக்கு அடுத்து."

பிலோமினா என்னைக் கடந்து, தலையைக் குனிந்தபடி கழிப்பறைப் பக்கம் போனாள். குமரேசன் அப்பாவுக்குப் போன் செய்ய வெளியே ஓடினான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அவனைப் பொறுத்தவரை அது சார் செய்துகொடுத்த கதை.

அப்போது அந்தத் தமிழ் விரிவுரையாளர் தேநீர் குடிக்க வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பிள்ளைங்கதானே சார்? அந்தப் பையன் பிரமாதம் லா. ஆமா, பக்கத்துல ஒரு பொண்ணு இருந்துச்சே, அதுக்கு என்னாச்சு? ஏன் ஆசிரியராகணும்னு கேட்டா, எனக்கும் அதேதான்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் வாயே தொறக்கல. மார்க்கெல்லாம் நல்லாத்தான் வச்சிருக்கு."

அவர் கேட்டார். நன்றாகக் கவனியுங்கள், அவராகவே வந்து கேட்டார். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறவர் நம் முன்னால் நின்று, என்ன ஆயிற்று என்று கேட்கும் வாய்ப்பு இந்தத் தொழிலில் ஒருமுறைகூடக் கிடைக்காமல் போகலாம். எனக்குக் கிடைத்தது. பதிலும் எனக்குத் தெரிந்திருந்தது.

நான் சொன்னேன்: "கொஞ்சம் பயந்த சுபாவம் சார்."

"பயந்தா எப்புடி சார் கிளாஸ் எடுக்கும்?" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் குவளையோடு அவர் உள்ளே போய்விட்டார்.

பிறகு பல நாள் அந்த நிமிடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் குமரேசன் இடத்தை இழப்பான், அவனைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. 'அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது, இன்னொரு முறை கூப்பிட்டு வேறு கேள்வி கேளுங்கள்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். யாரையும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. நான் காப்பாற்றியது என் பெயரை. மெழுகுவர்த்தியை ஒழித்தவர் என்ற பெயரை. அந்தப் பிள்ளை சொன்ன ஒன்றை எல்லாருக்கும் பங்கு போட்டு நானே ஒரு புதிய மெழுகுவர்த்தியைச் செய்திருந்தேன் என்பது அந்த அறைக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் சாப்பிடுவதற்காக மாமாக் கடை ஒன்றில் நிறுத்தினோம். குமரேசன் கை கழுவப் போனபோது பிலோமினா என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"சார், அது என்னோடதுதானே?"

"உன்னோடதுதாம்மா."

"இல்ல, அவன் சொன்னதக் கேட்டப்ப எனக்கே சந்தேகமா போச்சு. அவன் நல்லா சொன்னான். அதுக்கு மேல நான் சொன்னா பொய் சொல்ற மாதிரி இருக்கும்னு தோணுச்சு."

குமரேசன் வந்து உட்கார்ந்தான். "என்னா பிலோ, இப்பவே டீச்சர் மாதிரி மூஞ்ச வச்சிருக்க?" என்று கிண்டல் செய்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனிடம் எதையும் சொல்லவில்லை. அன்று அந்த மேசையில் இருந்தவர்களில் பெரிய மனுஷியாக நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

முடிவு வந்தது. குமரேசனுக்கு இடம் கிடைத்தது. பிலோமினாவுக்குக் கிடைக்கவில்லை. விரிவுரையாளரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல சார்? டீ குடிச்சிட்டுத் திரும்பக் கூப்பிட்டிருப்போம். இப்ப எல்லாம் முடிஞ்சி போச்சே. இனிமே அடுத்த வருசந்தான்."

அங்கிருந்து நேராகச் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். மலிவுவிலை அடுக்குமாடியில் பிலோமினாவின் வீடு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அவளுடைய அம்மா அப்போதுதான் திரும்பியிருந்தார். மாதா படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். பிலோமினா சுவரில் சாய்ந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தாழ்வாரத்தில் விரிவுரையாளரிடம் நான் சொன்ன வாக்கியம் உட்பட. அதை அவள் அறிந்திருக்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அம்மாதான் முதலில் பேசினார்.

"யாரு சார் பயந்தவ? இவளா? தோட்டத்துல இருந்தப்ப குளிக்கற ரூம்புல பாம்பு வந்துச்சு. எங்கூட்டு ஆம்பளைங்க நாற்காலி மேல ஏறி நின்னு மாதாவக் கூப்பிட்டாங்க. இவதான் வெளக்கமாத்த எடுத்துக்கிட்டுப் போனா."

"அம்மா, சும்மா இரும்மா."

"என்னாத்துக்குச் சும்மா இருக்கணும்? படிச்சவரு, பெரியவரு, வாய் தொறந்து ஒரு வார்த்த சொன்னாரு. அதயும் தப்பாச் சொன்னாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா சொன்னதில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கட்டும், நான் அவளுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுக்கிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒதுக்குகிறேன் என்றேன். சொல்லும்போதே என் குரலில் பழைய அதிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டதை உணர்ந்தேன்.

பிலோமினா மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம் சார். அடுத்த தடவ நானே போய்க்கிறேன்."

மரியாதையோடுதான் சொன்னாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். ஆனால் அதில் பேரத்துக்கு இடமில்லை.

குமரேசனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீங்கள் அவனைத் தவறாக நினைப்பீர்கள். அவன் இப்போது நல்ல ஆசிரியன். அவன் கல்லூரியில் படித்தபோது, விடுமுறையில் ஒருநாள் அவனுடைய அப்பாவின் கடையில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். ஒரு சின்னப் பையன் கத்தரியைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தான். குமரேசன் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கத்தரிக்கு ஒரு பெயர் வைத்து, அது பேசுவது போலப் பேசி, அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டே அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினான். முடி வெட்டி முடிந்தது. சின்ன வயதிலிருந்தே அழும் பிள்ளைகளைச் சமாளிப்பது தன் வேலைதான் என்றான்.

"டேய், இதைச் சொல்லியிருக்கலாமே அன்னிக்கு?"

"இதெல்லாம் ஒரு கதையா சார்? நீங்களும் கேக்கவே இல்லையே."

அவன் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது. அவளிடமிருந்து ஒன்றை எடுத்து இவனிடம் கொடுத்ததாக மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். இவனிடமிருந்தும் எடுத்திருக்கிறேன். தோட்டத்தில் பட்ட துன்பம் மட்டும்தான் தமிழ்ப்பிள்ளைக்குக் கதை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். முடிவெட்டும் கடையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு பிள்ளை தன்னிடம் கதை இல்லை என்றால், இன்னும் கொஞ்ச நேரம் அவனோடு உட்காருங்கள். நமக்கு நேரமில்லாததால்தான் அவர்களுக்குக் கதை இல்லாமல் போகிறது. அவனிடம் பிறகு நடந்ததைச் சொன்னேன். அந்த வாரமே அவன் பிலோமினாவைப் போய்ப் பார்த்ததாக அறிந்தேன். அவர்கள் பேசிக்கொண்டது அவர்களோடு.

அந்த ஓராண்டு பிலோமினா எழுதுபொருள் கடை ஒன்றில் கல்லாவில் உட்கார்ந்தாள். ஓராண்டுதானே என்று சொல்லாதீர்கள். அவளுக்குச் சேர வேண்டிய ஓராண்டு அது. நான் திருப்பித் தர முடியாதது. மறு ஆண்டு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததாக அவள் செய்தி அனுப்பினாள். காரில் கொண்டுபோய் விடவா என்று கேட்டேன். பஸ்ஸில் போய்க்கொள்வதாகப் பதில் வந்தது. அன்று முழுவதும் வீட்டில் இருந்தேன். அந்தப் பெஞ்சில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. போகவில்லை. இந்தத் தொழிலில் நான் செய்த கடினமான காரியம் அதுதான் என்றால் சிரிப்பீர்கள்.

முடிவு வெளியான அன்று அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சார், கெடச்சிருச்சு சார்! எம்மவளுக்குக் கெடச்சிருச்சு!" பின்னால் யாரோ வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். "ஆனா உள்ள என்னா சொன்னான்னு எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறா சார். அந்தத் தேவி கதயயா சொன்ன, வேறயான்னு கேட்டா சிரிக்கிறா. நீங்க கேட்டா சொல்லுவா. கேட்டு எனக்குச் சொல்லுங்க சார். இருங்க, அவகிட்டக் குடுக்கறேன்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார்" என்றாள் பிலோமினா.

கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

"ஹோஸ்டலுக்குப் பெட்டி வாங்கிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அம்மா போன மாசமே வாங்கி வச்சிட்டாங்க சார். இவ்ளோ பெருசு. அதுக்குள்ள நானே படுத்துக்கலாம்."